முன்னூறு மில்லிமீட்டர் லென்ஸும் நூறு மீட்டர் ஓட்டமும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போட்டோகிராபருக்கு ஒரு வேலை மட்டும் ஓய்வதில்லை. அது லென்ஸ் ஜோசியம். வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். கல்யாணப் படம் எடுப்பவர்கள், பத்திரிகைக்குப் படம் அனுப்புகிறவர்கள், பிள்ளை கிரிக்கெட் ஆடுவதைப் படம் பிடிக்க நினைக்கும் தகப்பன்மார்கள். "அண்ணே, ஸ்போர்ட்ஸ் எடுக்கணும். எழுபது-இருநூறு வாங்கறதா, முன்னூறு வாங்கறதா?" என்று கேட்பார்கள். கேட்கிற தொனியிலேயே எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பூவும் வைத்துவிட்டு வந்தவன், பொருத்தம் எப்படி என்று கேட்பதைப் போன்றது இது. நான் அவர்களைத் திட்டுவதில்லை. நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் வாங்கவும் வாங்கினேன்.

நான் விளையாட்டுப் படம் எடுக்கப் பிறந்தவன் அல்ல. கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருடம் இருட்டறை டிரே கழுவினேன், பிறகு இரண்டு வருடம் பாஸ்போர்ட் படம் எடுத்தேன். அதற்குப் பிறகு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கேட்டலாக் போட்டோகிராபராகச் சேர்ந்தேன். ஃபியூஸ் கட்டை, கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர், டீ கப், கொலு பொம்மை. என் முன்னால் நின்ற எதுவும் பதினெட்டு வருடம் அசைந்ததில்லை. கண்ணை மூடு என்றால் மூடாது, சிரி என்றால் சிரிக்காது. அந்த நிம்மதியில் என் தலைமுடி கூட மெதுவாகத்தான் நரைத்தது.

கேட்டலாக் படத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. முன் வரிசைக் கப்பும் தெளிவாகத் தெரிய வேண்டும், பின் வரிசைக் கப்பும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்காக லென்ஸின் துவாரத்தை ஊசிக்கண் அளவுக்குச் சுருக்கி, விளக்குகளை நிறைய வைத்து, நிதானமாக எடுப்பேன். எங்காவது ஓரத்தில் ஒரு கப் மங்கலாக விழுந்துவிட்டால் மேனேஜர் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் கம்பெனியில் மங்கல் என்றால் பழுது என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் கெட்டது இந்தப் பழக்கத்தினால்தான்.

மேனேஜரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வாசல் பெருக்குகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவர் 'ங்க' போடப் போட, செய்த வேலையை மறுபடி ஒருமுறை சரிபார்க்கத் தோன்றும். சூளையிலிருந்து கப்புகள் வந்தால் ஒவ்வொரு டிரேயிலும் ஒன்றை எடுப்பார். மேஜைக் கண்ணாடியின்மேல் வாய் கவிழ்த்து வைத்து ஒரு விரலால் ஓரத்தை அழுத்துவார். ஆடினால் கோணல். பிறகு காதருகே தூக்கிப் பிடித்து நகத்தால் சுண்டுவார். கணீர் என்றால் முதல் தரம். சொத்தென்று கேட்டால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காது சொல்லிவிடும். எதையும் முடிவு செய்தால் காகிதத்தில் எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குவார். காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். சென்னையில் இருந்த முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வருடா வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா நடத்த வேண்டும். பெண்பிள்ளைகள் நூறு மீட்டரில் முதலில் வருகிறவளைக் கம்பெனி தத்தெடுக்கும். ப்ளஸ் டூ முடிகிறவரை விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்க ஆகும் செலவு முழுவதும் கம்பெனியுடையது. ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு பெண். அதை நல்ல படமாக எடுத்து ஆண்டு மலரில் போட வேண்டும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஓடுறவங்களை எடுக்கறதுக்குன்னு தனி லென்ஸ் இருக்குதாமே? வேகமான லென்ஸுன்னு சொல்றாங்க. அது எப்படிங்க, லென்ஸு ஓடுமா?"

சூளையில் எட்டிப் பார்க்க வைத்திருக்கும் ஓட்டையைக் காட்டி விளக்கினேன். ஓட்டை பெரிதாக இருந்தால் உள்ளே நன்றாகத் தெரியும். லென்ஸின் வாய் அகலமாக இருந்தால் வெளிச்சம் நிறைய உள்ளே வரும். வெளிச்சம் நிறைய வந்தால் ஷட்டரை ஐந்நூறில் ஒரு பங்கு நொடியில் திறந்து மூடலாம், ஓடுகிற கால் அந்தரத்தில் நிற்கும். அதனால் அதை வேகமான லென்ஸ் என்கிறார்கள். அவர் தலையாட்டினார். "அப்ப நல்லதா ஒண்ணு பாத்து எழுதிக் குடுங்க" என்றார்.

என்னென்ன லென்ஸ் இருந்தன என்பதை இப்போது கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதிலிருந்து முன்னூறு வரை நீளும் ஜூம் ஒன்று. எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் வாய் சிறியது, மாலை ஐந்து மணிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. இரண்டாவது, எண்பது-இருநூறு, வாய் அகலம் 2.8, அந்திக்கும் போதும். பள்ளிக்கூட மைதானத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் படத்தில் ஆளும் விழும், காலும் விழும், கோடும் விழும். மூன்றாவது, முன்னூறு, அதே 2.8. ஜூம் கிடையாது. தவலைப் பானை மாதிரி முன்பக்கம். பெரிய ஸ்டேடியத்தில் எல்லைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உண்டானது.

எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய்.

சென்னையில் பழைய கேமரா விற்கிற கடையில் அந்த முன்னூறைக் கையில் எடுத்தேன். முறைப்படி எல்லாச் சோதனையும் செய்தேன். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். துவாரத்தின் இதழ்களில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பார்த்தேன். கடைச் சுவரில் செய்தித்தாள் ஒன்றை விரித்து ஒட்டச் சொல்லி, வாயை முழுதாகத் திறந்து வைத்து, நடுவிலும் நாலு மூலையிலும் எழுத்து படிக்க முடிகிறதா என்று எடுத்தேன். பிறகு கடை வாசலுக்கு வந்து, போகிற பஸ்ஸின் டிரைவரைப் பார்த்தேன். அவர் மட்டும் தெளிவாக இருந்தார். அவருக்கு முன்னால் இருந்த சென்னையும் பின்னால் இருந்த சென்னையும் கரைந்துபோயின. பதினெட்டு வருடம் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டியே அலுத்துப் போனவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆடிப்போய்விட்டேன்.

ஊருக்கு வந்து ஒப்பீட்டுத் தாள் எழுதினேன். எண்பது-இருநூறுக்கு எதிரே 'போதுமானது' என்று எழுதினேன். முன்னூறுக்கு எதிரே 'மிகச் சிறந்தது' என்று எழுதினேன். எங்கள் மேனேஜர் போதுமானதை வாங்குகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று கையெழுத்து விழுந்தது. லென்ஸ் வந்த அன்று அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். மேஜைமேல் வைத்தார். நகத்தால் முன்பக்கத்து உலோக வளையத்தைச் சுண்டி, காதை அருகில் கொண்டுபோனார்.

"நல்லாத்தான் சத்தம் வருது" என்றார்.

அதை நான் வீட்டுக்கு எடுத்துப் போனபோது என் மனைவி, "இதுக்கு ஒரு தூளி கட்டணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு லென்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அப்போது நினைத்தேன்.

முதல் விளையாட்டு விழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பெண்கள் நூறு மீட்டரைச் சிறப்பு விருந்தினர் கொடியசைத்துத் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் வருகிறார், வருகிறார் என்று சொல்லிச் சொல்லி மணி ஐந்தரை ஆகிவிட்டது. வெயில் இறங்கிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். சின்ன லென்ஸ்காரர்கள் பையை மூடுகிற நேரத்தில்தானே நம் லென்ஸ் வேலை செய்யும்.

முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே, ஓடி வருகிறவர்கள் முகம் தெரிகிற மாதிரி, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். பக்கவாட்டில் நின்றால் பந்தலும் நாற்காலியும் பின்னால் விழும், அழகாக இருக்காது. அழகுதான் அன்றைக்கு எனக்கு முக்கியம். கோட்டில் பிடிக்கப்போகிற ரிப்பனுக்கு இரண்டு எட்டு முன்னால், ஓடி வருகிற பக்கத்தில், சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிக்கு போகஸைத் திருப்பி வைத்துக்கொண்டேன். என் கேமராவில் ஒரு படம் எடுத்தால் கையால் பிலிமைச் சுற்ற வேண்டும். ஓட்டக்காரிகள் புள்ளிக்கு வரும்போது ஒரே ஒரு அழுத்து. அதுதான் திட்டம்.

ஓடினார்கள். ஐம்பது மீட்டருக்கு மேல் இரண்டு பெண்கள் மட்டும் பிரிந்து வந்தார்கள். ஒருத்தி தனலட்சுமி, எங்கள் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவரின் மகள். இன்னொருத்தி நஸ்ரின், மங்கலம்பேட்டைப் பெண், அவள் தகப்பனார் துபாயில் இருந்தார். நான் அழுத்தினேன். அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது ரிப்பன் தரையில் கிடந்தது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸ் கிளார்க், இரண்டு பேரும் தன்மேல் வந்து விழப் போவதாகப் பயந்து கையை விட்டுவிட்டார். காற்றில் பறந்த ரிப்பன் இரண்டு பெண்கள் காலிலும் சுற்றிக் கிடந்தது.

கோட்டுப் பக்கத்தில் நின்ற நடுவர்கள் இருவர். ஒருவர் அந்தப் பள்ளியின் பி.டி. வாத்தியார். "தனலட்சுமிங்க" என்றார் அவர். இன்னொருவர் வெளியூர் வாத்தியார். "நஸ்ரின்தான்" என்று அவர் சாதித்தார். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. மேனேஜர் மெல்ல நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எதுக்குங்க சண்டை? நம்மகிட்ட லென்ஸ் இருக்குது. காலையில படம் வந்துரும். அதுல யாருன்னு தெரிஞ்சிரும்."

மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

மறுநாள் காலையில் கம்பெனி இருட்டறையில் நானே கழுவிப் பிரதி எடுத்தேன். டிரேயில் படம் மெல்ல மேலெழும்பி வந்தபோது டிரேயை ஆட்ட மறந்துபோனேன். நஸ்ரினின் நெற்றி வியர்வையை எண்ணலாம். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை எங்கேயோ தூரத்தில் வைத்துக்கொண்டு வருகிறாள். தனலட்சுமி பக்கத்தில்தான் இருந்தாள், ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைப்போல மங்கலாக. கால்கள் படத்தில் இல்லை. லென்ஸ் அவ்வளவு நீளம், இருவரும் இடுப்புக்கு மேல்தான் விழுந்திருந்தார்கள். கோடு இல்லை. ரிப்பன் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். என் வாழ்நாளில் நான் எடுத்த மிக நல்ல படம் அதுதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மேனேஜர் அறையில் நடுவர்கள் இருவரும் இருந்தார்கள். இரண்டு பெண்களும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். மேனேஜர் படத்தைக் கண்ணாடிமேல் வைத்துக் குனிந்து பார்த்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து, மங்கலாக இருந்த தனலட்சுமியைச் சுற்றி வட்டம் போட்டார். கை தன்னால் போட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு நஸ்ரினைத் தொட்டு, வட்டத்தைத் தொட்டுச் சொன்னார்.

"இது முதல். இது ரெண்டாவது. தெளிவா இருக்குதுல்ல?"

தனலட்சுமி பெயரைச் சொன்ன பி.டி. வாத்தியாரும் குனிந்து பார்த்தார். "ஆமாங்க. எனக்குத்தான் வெளிச்சத்துல சரியாத் தெரியல போல" என்றார். நேரில் பார்த்த மனுஷன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படம் ரிப்பனுக்கு இரண்டு எட்டு முன்னாலேயே எடுத்தது, ஓட்டமே அப்போது முடியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் புள்ளிக்கு போகஸ் வைத்தேன், புள்ளியில் இருந்தவள் தெளிவாக விழுந்தாள், அவ்வளவுதான், மங்கலாக விழுந்தவள் பின்னாலும் இருக்கலாம், முன்னாலும் இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் நஸ்ரினின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படமே பேசுதுங்களே சார்" என்றேன்.

மூன்று கையெழுத்து விழுந்தது. அதில் மூன்றாவது என்னுடையது.

நாலைந்து நாள் கழித்து மதியம். இருட்டறைக் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், தூக்குவாளியோடு தனலட்சுமி நின்றிருந்தாள்.

"அப்பாவுக்குச் சோறு கொண்டாந்தேன் சார். அந்தப் படத்தை ஒரு தடவ பாக்கலாங்களா? அன்னைக்கு எட்ட நின்னு பாத்ததுல சரியா வெளங்கல."

"எதுக்கும்மா?"

"எங்க விட்டேன்னு பாக்கணும் சார். அடுத்த தபா அந்த எடத்துல விடாம ஓடணும்ல."

ஒரு பிரதி கொடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"ரிப்பனு எம்மேலதான் பட்டாப்புல இருந்துச்சி சார். இங்க, நெஞ்சுல. வூட்டுல போயி அம்மாகிட்ட கூடச் சொன்னேன். படத்துல அப்படி இல்லியே. நெனப்புதான் போல." படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "போயிட்டு வரேன் சார்."

அவள் போன பிறகு நான் சாப்பிடவில்லை. ஒரு பெண் தன் நெஞ்சில் பட்டதை நம்பாமல் என் படத்தை நம்பிவிட்டுப் போகிறாள். பூதக்கண்ணாடியை வைத்து நெகட்டிவை எத்தனை முறை பார்த்தாலும் அதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நஸ்ரின் என் சுண்ணாம்புப் புள்ளிக்கு நேரே இருந்தாள். தனலட்சுமி அங்கே இல்லை. எங்கே இருந்தாள் என்பதை அந்த லென்ஸ் சொல்லாது. எண்பது-இருநூறை வாங்கியிருந்தால் அவள் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று படத்திலேயே தெரிந்திருக்கும். போதுமானது என்று நானே எழுதிய லென்ஸ் அது.

இரண்டு நாள் தூக்கமில்லை. போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் லென்ஸின் பெருமையைச் சொல்லிவைத்திருந்தார் மேனேஜர். படம் பெரிதாக்கிக் கம்பெனி வாசலில் மாட்டியிருந்தது. தீர்ப்பும் சென்னைக்குப் போய்விட்டது. 'மிகச் சிறந்தது' என்று எழுதிய கையே இப்போது 'உதவாது' என்று எழுத வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் என்னை உறுத்தியது.

மூன்றாம் நாள் ஸ்டோரிலிருந்து இரண்டு செட்டியார் பொம்மைகளை வாங்கினேன். ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டுக்கும் ஒரே தொந்தி, ஒரே உயரம். பேக்கிங் ஷெட்டில் நீளமான மேஜைமேல், ஒரு செட்டியாரை ஒரு சாண் முன்னால் வைத்தேன், இன்னொருவரைப் பக்கத்தில் பின்தள்ளி வைத்தேன். பின்னால் இருந்தவருக்கு போகஸ். வாயை முழுதாகத் திறந்து, எதிரே கண் மட்டத்திலிருந்து ஒரு படம். பிறகு அவர்களை அசைக்காமல் பக்கவாட்டிலிருந்து பழைய கேட்டலாக் லென்ஸில் இன்னொரு படம்.

மேனேஜர் அறைக்குப் போகும்போது பி.டி. வாத்தியாரையும் வரச் சொல்லியிருந்தேன். முதல் படத்தை மேஜையில் வைத்தேன்.

"எந்தச் செட்டியார் முன்னாடி இருக்காருங்க?"

மேனேஜர் யோசிக்கவே இல்லை. தெளிவாக இருந்தவரை விரலால் தொட்டார். "இவர்."

வாத்தியாரும் அவரையே தொட்டார். "மங்கலா இருக்கறவரு பின்னாடி."

இரண்டாவது படத்தைப் பக்கத்தில் வைத்தேன். இருவரும் அதைப் பார்த்தார்கள். முதல் படத்தைப் பார்த்தார்கள். மறுபடி இதைப் பார்த்தார்கள். வெளியே யாரோ டிரேக்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

மேனேஜர் பழக்கத்தில் நகத்தால் படத்தைச் சுண்டினார். காகிதம் என்ன சொல்லும்?

"அப்ப இந்த லென்ஸு எதுக்குங்க?" என்றார், மெதுவாக.

"நல்ல படம் எடுக்கறதுக்குங்க சார். தீர்ப்பு சொல்றதுக்கு இல்லீங்க."

"இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அந்த 'ங்களா'வுக்குப் பொய் சொல்ல முடியாது. "தெரியும் சார். எம்படத்தைப் பாத்து நானே மயங்கிட்டேன். இந்த லென்ஸே நமக்குத் தேவையில்லீங்க. ஆசைப்பட்டு எழுதிக் குடுத்துட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு டிராயருக்குள் போட்டார். பிறகு இன்டர்காமில் யாரையோ கூப்பிட்டு, சனிக்கிழமை இரண்டு பெண்களையும் மைதானத்துக்கு வரவழைக்கச் சொன்னார். மறுபடி ஓடட்டும், இந்த முறை கோட்டருகே நாலு பேர் நிற்கட்டும், கேமரா வேண்டாம் என்பது உத்தரவு. எனக்கும் வரச் சொல்லி உத்தரவு, ரிப்பன் பிடிக்க.

சனிக்கிழமை காலை. நான் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் இரண்டு பெண்களிடமும் விஷயத்தைச் சொன்னார். படத்தை வைத்துச் சொன்னது தப்பாகிவிட்டது, யார் முதல் என்று அதில் தெரியாது, அதனால் மறுபடி ஓட வேண்டும் என்றார். தனலட்சுமி குனிந்து ரப்பர் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள். நஸ்ரின் கழற்றவில்லை.

"வேணாங்க சார். அவதான் முன்னாடி வந்தா."

மேனேஜர் அவளையே பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கடைசீல அவ ஜடை என் கண்ணு முன்னாடி ஆடிச்சி சார். நான் முன்னாடி ஓடியிருந்தா அது எனக்கு எப்படித் தெரியும்?"

ஓடிய இரண்டு பேரிடம் கேட்க வேண்டும் என்று அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க எல்லாரும் படத்தைக் காட்டி நான்தான்னு சொன்னீங்க. சாரும் சொன்னாரு." என் பக்கம் கை நீண்டது. "எங்கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சிக்கிட்டேன் சார்."

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "சொன்னதை எழுதிக் குடுத்துரும்மா" என்றார். அவரால் வேறு எப்படியும் இருக்க முடியாது. நாற்காலிக் கையின்மேல் வைத்து அவள் இரண்டு வரி எழுதினாள். மூன்று கையெழுத்து விழுந்தது. தனலட்சுமி செருப்பைக் கையில் பிடித்தபடி நஸ்ரினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் தனலட்சுமி விடுதிக்குப் போனாள். நஸ்ரினுக்கும் சேர்த்து ஏதாவது செய்ய முடியுமா என்று மேனேஜர் சென்னைக்கு எழுதினார் என்பது எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருத்திதான் என்று பதில் வந்தது.

அன்றைக்கு எல்லோரும் கலைந்த பிறகு நஸ்ரினை மங்கலம்பேட்டை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பாலக்கரை பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவள்தான் கேட்டாள்.

"சார், அந்தப் படத்துல ஒண்ணு எனக்குத் தருவீங்களா?"

பையில் ஒரு பிரதி இருந்தது, கிழித்துப் போடலாம் என்று எடுத்து வைத்திருந்தது. தயங்கினேன். "அது தப்பான படம்மா."

"அத்தா துபாய்ல இருக்காங்க சார். ஜெயிச்சிட்டேன்னு போன்ல சொல்லிட்டேன். இன்னிக்குப் பேசறப்ப, இல்லத்தா, நான் ரெண்டாவதுதான்னு சொல்லிருவேன்." படத்தை வாங்கி, கழுத்து நரம்பு புடைத்திருந்த தன் முகத்தைப் பார்த்தாள். "ஆனா நான் ஓடி அவங்க பாத்ததே இல்ல. இந்த மாதிரி ஓடுனது நெசந்தானே சார்?"

ஆமாம் என்றேன். பஸ் வந்தது.